பதினெட்டாம் லயன் பட்டியலில் இல்லை

நவம்பர் 9, ஞாயிறு

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்துவிட்டதென்றால், கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். மூட மனசு வராவிட்டால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். எஸ்டேட் ஆபீசில் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். பெர்சிஸ் அக்காவிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். முன்பக்கம் புரட்டினால் வேதியியல் ரெக்கார்டு போலத்தான் இருக்கும். இருபத்திரண்டாம் பக்கத்துக்கு மேல்தான் நான் இருக்கிறேன்.

என் பெயர் ஹெப்சிபா. பிளஸ் ஒன் படிக்கிறேன். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. அப்பா ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறார். அம்மா கொழுந்து பறிக்கிறாள். அக்கா எட்டு மாதமாகக் கோவைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். வீட்டிலிருந்து என்றால் அடுப்படியிலிருந்து. லேப்டாப் வேலைக்கு வேண்டிய அளவு சிக்னல் இந்த ஒரு ஜன்னலுக்குத்தான் வரும். அதனால் ராத்திரியும் லேப்டாப் இங்கேயே, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும்.

அக்காவின் கம்பெனி யானை அழைப்பு நடத்துகிறது. காட்டில் இருக்கும் கேமராக்களும் காவலர்களும் யானை நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். அதெல்லாம் கிளவுடில், எங்கோ தூரத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களில், போய்ச் சேரும். எந்த லயனுக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, பக்கத்தில் யானை நிற்கிறதோ, அந்த லயன்காரர்களின் போன் தானாக அடிக்கும். "உங்கள் குடியிருப்புக்கு அருகில் யானை உள்ளது. வெளியே வர வேண்டாம்." லயன் பட்டியலில் இருந்தால்தான் அடிக்கும்.

பதினெட்டாம் லயன் பட்டியலில் இல்லை. கூரை போய்விட்டது, ஆளில்லை என்று ஜூனில் எஸ்டேட் எழுதிக் கொடுத்தது, எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஆள் இருக்கிறது. என் வகுப்பு ஃபூல்மணி இருக்கிறாள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். ஒன்பதாம் லயனில் ஒரே வீட்டில் மூன்று குடும்பத்தைப் போட்டிருந்தார்கள். ஆகஸ்டில் இவளும் அம்மாவும் தம்பியும் சத்தமில்லாமல் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுக்குப் போய், ஓட்டை மேல் தார்ப்பாய் கட்டி, அடுப்பு மூட்டிவிட்டார்கள். "சொல்லாத ஹெப்சி. ஆபீஸ் தெரிஞ்சா வெளிய போடும்" என்று என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் அவர்கள் வீட்டுப் பின்னால் டிரம்மில் யானை தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுடைய அம்மா தினமும் காலை ஐந்து மணிக்கு அந்த டிரம்மைத் தாண்டித்தான் ஃபேக்டரி கூட்ட வருகிறாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அக்காவின் லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு எங்கள் செத்துப்போன நாயின் பெயர். பட்டியல் திரை வந்தது. "18" என்று அடித்து, ஃபூல்மணி அம்மாவின் நம்பரைப் போட்டு, "சேர்" என்ற பொத்தானை அமுக்கினேன். அவ்வளவுதான். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை பார்த்தால் காணோம். திரும்பச் சேர்த்தேன். இன்றைக்குப் பார்த்தால் மறுபடி காணோம், மறுபடி சேர்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

இன்று பீட்ரூட் பொரியல். அக்கா சாப்பிடும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"அக்கா, நீங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு சேத்தா அது தானா அழிஞ்சுபோகுமா?"

"எங்க சேத்தேங்கறதப் பொறுத்து. ஏன்டி?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ்ல வருது."

அக்காவுக்கு வேலையைப் பற்றிக் கேட்டால் போதும், தட்டில் கை காய்ந்துவிடும். "அம்மா காலைல கொழுந்துக்குப் போகும்போது உன்கிட்ட என்ன சொல்லுது? குடத்த எடு, குழாய்க்குப் போ, திற, மூடு, தூக்கிட்டு வான்னா சொல்லுது?"

"நான் வரும்போது பானை நெறஞ்சிருக்கணும்னு சொல்லும்."

"அதான். எப்பிடின்னு சொல்லாது. எப்பிடி இருக்கணும்னு சொல்லும். பானை பாதி இருந்தா நீ பாதி ஊத்துவ. ஏற்கெனவே நெறஞ்சிருந்தா?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

"எங்க வேலையும் அதேதான். ஒரு ஃபைல் இருக்கு. கிளவுடு எப்பிடி இருக்கணும்னு அதுல எழுதி வெச்சிருவோம். தெனமும் ராத்திரி பதினோரு மணிக்கு மெஷின் அதப் படிச்சு, நெசத்துல எப்பிடி இருக்குன்னு பாக்கும். கொறஞ்சா சேக்கும். ஃபைல்ல இல்லாதது கூடுதலா இருந்தா எடுத்துப் போட்டுரும். எவன் கையால மாத்தி வெச்சாலும் அதுக்குக் கவலையில்ல."

"பாவம்ல அந்தக் கூடுதல்."

"பாவம் என்ன பாவம். ஃபைல்ல எழுதிட்டா மெஷினே அதுக்குக் காவல் இருக்கும்."

"ஃபைல்ல யாரு வேணா எழுதலாமா?"

"எழுதுனா பேர் நிக்கும். யாரு, எப்போ, எதுக்குன்னு. நாளைக்கு பத்து வருசம் கழிச்சுக்கூடப் பாக்கலாம்."

அப்படியென்றால் எனக்கு ஃபைல் ஆகாது. எதுக்கு என்று என்ன எழுதுவேன்? தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேனே.

பதினோரு மணி வரை விழித்திருந்தேன். 11.02க்கு வரிசையிலிருந்து 18 என் கண்முன்னால் மறைந்தது. மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னதைச் செய்கிறது. 11.03க்குத் திரும்பச் சேர்த்துவிட்டுப் படுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை. பல் விளக்குவது போல.

நவம்பர் 11, செவ்வாய்

11.04. போட்டாயிற்று. மழை. அடுப்பில் இன்னும் கணகணப்பு இருக்கிறது, கால் வைக்க நன்றாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

விரலில் துணி சுற்றியிருப்பதால் எழுத்து இப்படி இருக்கிறது.

சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கோவையிலிருக்கும் கதிரேசன் சாரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர்தான் அவளுக்கு மேலே. அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"பெர்சிஸ், தெனமும் ராத்திரி ரிப்போர்ட்ல ஒரே வரி வருதும்மா. பதினெட்டாம் நம்பர் லயன் நீக்கப்பட்டது, நீக்கப்பட்டதுன்னு. யாரோ கையால சேக்கறாங்க, மெஷின் எடுத்துப் போடுது."

"அப்பிடியா சார்?"

"உங்க ஐடிதான் காட்டுது."

நான் பீன்ஸை விட்டு விரலை நறுக்கினேன். கொஞ்சம்தான்.

அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி சார். நானே என்னன்னு பாத்துக்கறேன்" என்றாள்.

"பாருங்க. கஸ்டமர் கண்ணுல பட்டா வம்பு. நான் நாளைலருந்து தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு, இருபத்திநாலாந்தேதிதான் வருவேன். அதுவரைக்கும் ஓகே சொல்றது எல்லாம் நீங்கதான்."

வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த காகிதத்தை நான் படித்திருக்கிறேன். மூன்றாவது விதி: குடும்பத்தினர் யாரும் கணினியைத் தொடக்கூடாது. தொட்டால் வேலை போகும் என்று நேராக எழுதவில்லை, வேறு நீளமான வார்த்தையில் எழுதியிருந்தது.

அக்காவுக்கு வேலை போனால் வேறு வேலை தேடிக் கோவைக்கு, ஹாஸ்டலுக்குத்தான் போக வேண்டும். இவள் இல்லாத அடுப்படியை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே பிடிக்கவில்லை.

இனிமேல் தொடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

11.09. தொட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு டிரம்மைத் தாண்டுகிற அந்த அம்மாவை என்ன செய்வது?

நவம்பர் 14, வெள்ளி

நேற்றும் போட்டேன். இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. சிரித்து வயிறு வலிக்கிறது.

அக்காவின் கம்பெனியில் எந்த மாற்றத்தையும் நிஜத்தில் விடுவதற்கு முன்னால் ஒத்திகை மேடையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே லயன்களும் பொய், யானைகளும் பொய். அக்கா அந்த யானைகளுக்கு லட்டு, ஜிலேபி, காராபூந்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். பொய் யானை வந்தால் அக்காவின் போன் மட்டும் அடிக்கும்.

அக்கா கோழிக்குத் தீனி போடப் போயிருந்தாள். போன் கட்டிலில் கிடந்தது. நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா எடுத்தார். "காராபூந்தி உங்கள் குடியிருப்புக்கு அருகில் உள்ளது. வெளியே வர வேண்டாம்."

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு அம்மாவிடம் போய்க் கேட்டார். "ஏம்புள்ள, பலகாரம் வந்திருக்காம். வெளிய வரக்கூடாதுங்கறான். ஏன்?"

அம்மா முறத்தால் அடித்தாள்.

அக்கா இப்போதெல்லாம் லேப்டாப்பை மூடாமலே படுக்கப் போகிறாள். அலுப்பு போல. எனக்கு நல்லதாகப் போயிற்று. இன்று பக்கத்தில் ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் வேறு, மூடி வைத்து, சூடாக. மறந்து வைத்துவிட்டாளாக்கும். குடித்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

அக்கா டவுனுக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தாள். பை காலி. கணுக்காலில் ரத்தம், அட்டை கடித்த இடம் நாலைந்து. உப்புத்தண்ணீர் கொண்டு வந்து கழுவிவிட்டேன்.

"டவுன்ல ஏதுக்கா அட்டை?"

"பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்துச்சு. ஏறிக்கிச்சு."

"டிக்கெட் எடுத்துச்சா?"

"ஸ்டூடண்ட் பாஸ் வெச்சிருந்துச்சு. உன்ன மாதிரி." என் தலையில் குட்டினாள். வலிக்காத குட்டு.

ஃபூல்மணிக்கும் கால் முழுக்க இப்படித்தான் இருக்கும். பதினெட்டுக்குப் போகிற வழி சதுப்பு, அட்டைக் காடு.

11.05. போட்டாயிற்று.

நவம்பர் 16, ஞாயிறு

கோயிலில் பாஸ்டர் கண்விழித்திருப்பதைப் பற்றிப் பேசினார். எனக்குக் கொட்டாவி அடக்க முடியவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள். 11.03.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. நேற்று நான் தூங்கிவிட்டேன்.

இயற்பியல் டெஸ்டுக்குப் படித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தேன். கண் திறந்தால் விடிந்திருந்தது. யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். பனி ஜன்னலை மூடியிருந்தது. பதினெட்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா "வாய்ப்பாடா?" என்றாள்.

பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்து ஃபூல்மணியைத் தேடினேன். அவள் ஏறினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காலைல போன் வந்துச்சு" என்றாள். "நாலு இருபது. யானை இருக்கு, வெளிய வராதேன்னு சொல்லுச்சு. அம்மா கதவு தொறக்கல. ஓட்டைல பாத்தோம். அஞ்சு பேரு. ஒரு பாப்பாவும் இருக்கு, இவ்ளோண்டு." கையைத் தன் இடுப்புக்குக் காட்டினாள். "டிரம் பக்கத்துல நின்னாங்க. ஆறு மணிக்கு போனாங்க. பாப்பா டிரம் உருட்டிட்டு போச்சு. தம்பி அழறான், டிரம் வேணும்னு."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் அண்ணன் "என்னம்மா, பாசமலர்களா, டிக்கெட்" என்றார்.

பிறகுதான் யோசித்தேன். நான் தூங்கிவிட்டேன். பதினோரு மணிக்கு மெஷின் எடுத்திருக்கும். பிறகு எப்படி போன் போயிற்று?

அதுவும் இந்தியில் வந்ததாம். "நல்ல இந்தி" என்கிறாள். நான் மொழி எதையும் தேர்ந்தெடுத்ததே இல்லை. மெஷினுக்கே ஒரு நாள் மறதி வந்திருக்கும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மெஷினுக்கும்.

நவம்பர் 19, புதன்

அக்கா இன்று ஒரு விசித்திரமான காரியம் செய்தாள். "ஹெப்சி, இங்க வா. உன் பேர்ல ஒரு ஐடி போட்டிருக்கேன்" என்றாள்.

"எதுக்குக்கா?"

"ஊர்த் தன்னார்வலர்னு ஒரு வசதி இருக்கு. லயன்ல ஆள் இருக்கா, நம்பர் மாறிருச்சா, எதுன்னாலும் ஃபைல்ல எழுதி அனுப்பலாம். பதினாறு வயசு ஆகியிருந்தா போதும், அவங்கவங்க போன்லருந்தே செய்யலாம். காலேஜுக்குச் சர்டிபிகேட்டும் தருவாங்க."

"நீங்களே எழுதிக்கலாமே."

"முடியாது. எழுதறவ ஒருத்தி, ஓகே சொல்றவ இன்னொருத்தி. ஒரே ஆளு ரெண்டும் செய்யக்கூடாது. கதிரேசன் சார் வர்ற வரைக்கும் ஓகே சொல்ற ஆளு நான். எழுத ஒருத்தர் வேணும்."

கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தோம். நான் வேண்டுமென்றே வெங்காயத்தைக் கண்ணருகில் வைத்துக்கொண்டேன்.

"அந்த ஃபைல எஸ்டேட் ஆபீஸ் பாக்குமாக்கா?"

"லயன் நம்பரும் எடமும் பாப்பாங்க. போன் நம்பர், ஆள் பேரு எதுவும் தெரியாது. எதுக்குங்கற எடத்துல 'இங்கே ஆட்கள் உறங்குகிறார்கள்'னு எழுதினா போதும்."

"அந்த லயன்ல இருக்க அவங்களுக்கு அனுமதி இல்லேன்னா?"

கேட்ட பிறகுதான் எந்த லயன் என்று சொல்லாமல் கேட்டது உறைத்தது. அக்காவும் எந்த லயன் என்று கேட்கவில்லை.

"யானை பெர்மிட் கேட்டுட்டா உள்ள வருது?" என்றாள். "ஆபீஸ்லருந்து வந்து கேட்டா, கூரையைச் சரி பண்ணுங்கன்னு அப்பாவ விட்டு யூனியன்ல பேசச் சொல்லலாம். அது வேற சண்டை. அத அப்பறம் போடலாம். போன் அடிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

நல்ல அக்கா. ஒன்றும் தெரியாமலே எவ்வளவு சரியாகச் சொல்கிறாள்.

நவம்பர் 20, வியாழன்

ஃபூல்மணியிடம் மரத்தடியில் கேட்டேன். சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாயா, பேர் இல்லாமல், லயன் மட்டும் எழுதலாமா என்று. வீட்டில் கேட்டுச் சொல் என்றேன்.

"எழுது" என்றாள் உடனே. "அம்மா முன்னயே சரி சொல்லியாச்சு."

"யார்கிட்ட?"

வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மணி அடித்துவிட்டது. இவளுக்குத் தமிழில் இறந்தகாலம் எதிர்காலம் குழம்பும், அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

11.02. கடைசித் தடவையாகக் கையால் போட்டேன். நாளைக்கு ஃபைலில் எழுதுவேன். பேர் நிற்கட்டும்.

நவம்பர் 21, வெள்ளி

மணி 10.20. அடுப்படிக் கதவைத் தாழ் போட்டுவிட்டேன். லேப்டாப்பைத் தொடவில்லை. என் போன், என் ஐடி.

ஃபைலை முதல் தடவை முழுதாகப் பார்க்கிறேன். இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் மலை முழுக்க அதில் இருக்கிறது. ஒவ்வொரு லயனும், ஒவ்வொரு வளைவும். எங்கள் வீடும் ஒரு வரி.

கடைசியில் எழுதினேன். லயன்: 18. நம்பர். எதுக்கு: இங்கே ஆட்கள் உறங்குகிறார்கள்.

10.41. அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் மெஷினே ஒருமுறை சரிபார்க்குமாம். கீழே எழுதியிருந்தது: தொலைபேசி எண்ணில் பத்து இலக்கங்கள் தேவை. ஒன்பது உள்ளன.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான். ஃபூல்மணி முதல் நாள் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. அதில் இரண்டு ஏழு பக்கத்தில் பக்கத்தில். நான் நோட்டில் ஒரு ஏழுதான் எழுதியிருக்கிறேன். தினமும் நோட்டைப் பார்த்துத்தான் அடித்தேன். கையால் சேர்க்கிற திரை ஒரு நாளும் என்னை எதுவும் கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டது.

பதின்மூன்று ராத்திரி. நான் போட்டது எதுவும் எந்த போனையும் அடித்திருக்காது.

கொஞ்ச நேரம் அரிசி டின்னின் மேல் தலை வைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு இன்னொரு ஏழைச் சேர்த்து அனுப்பினேன். பச்சை.

ஓகே சொல்பவர் என்ற இடத்தில் பெர்சிஸ் அக்காவின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் போன் டிங் என்றது. இந்நேரத்தில் அவள் தூங்கியிருக்க வேண்டும்.

10.53. அக்காவிடமிருந்து ஒரு குறிப்பு வந்திருக்கிறது. "மொழி எழுத மறந்துட்ட. இந்தின்னு போடு."

போட்டேன். ஓகே விழுந்தது. இந்தி என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

11.00. மெஷின் ஓடுகிறது. ஓடும்போது என்னென்ன செய்யப் போகிறது என்று கணக்குச் சொல்லும். 'மாற்ற 1' என்று வரும். நேற்று நான் போட்டது ஒன்பது இலக்கம், ஃபைலில் பத்து, அதனால் திருத்தியாக வேண்டும்.

வந்துவிட்டது. நான் மூன்று முறை படித்துவிட்டேன்.

சேர்க்க 0. மாற்ற 0. நீக்க 0.

செய்ய ஒன்றும் இல்லையாம். ஃபைல் சொல்கிறபடியே ஏற்கெனவே இருக்கிறதாம். பத்து இலக்கமும், இந்தியும். நான் தூங்கிய பிறகு யாரோ ஒவ்வொரு ராத்திரியும் வந்து பானையை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சனிக்கிழமை அட்டைக்கடி. போர்வை. ஹார்லிக்ஸ் மறதி இல்லை. ஃபூல்மணி அம்மா 'முன்னயே' சரி சொன்னது

கதவு தட்டுகிறார்கள். மெதுவாக, இரண்டு தட்டு. "ஹெப்சி, தாழத் தொறடி, எனக்கும் ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ்"